ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்

சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடும். அதே பிள்ளைக்குக் கணினித் திரையில் ஓர் ஆமையைக் கொடுத்து, அது நகரும் வழியெல்லாம் கோடு விழும் என்று சொல்லி, முக்கோணம் ஒன்று வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது எழுதும் முதல் நிரல் இப்படித்தான் இருக்கும்: 100 அடி முன்னே போ, 60 பாகை வலப்பக்கம் திரும்பு, இதை மூன்று முறை செய். ஓட்டினால் ஆமை மூன்று கோடு போடும், ஆனால் முக்கோணம் மூடாது. அறுகோணத்தின் பாதி மட்டும் வாய் திறந்து நிற்கும். பிள்ளை தன் கணக்கை மறுபடி பார்க்கும், 60 சரிதான். அப்புறம் எழுந்து, தானே ஆமையாகத் தரையில் நடந்து பார்த்தால் விஷயம் விளங்கும். முக்கோணத்தின் ஓரமாக நடப்பவர் மூலைக்கு வந்ததும், வந்த திசையிலிருந்து எவ்வளவு விலக வேண்டுமோ அவ்வளவு திரும்ப வேண்டும். அது 120 பாகை. கோணம் 60 என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தது உண்மை. அந்த 60 எதற்கும் எதற்கும் நடுவிலான அளவு என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை, பரீட்சை உட்பட.

நிரல் எழுதக் கற்பவருக்குப் புத்தகம் பெரிதா, கைப்பழக்கம் பெரிதா என்ற விவாதம் கணினியளவுக்கே பழையது. 'பயிற்சிதான் முக்கியம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. வயலின் முதல் வண்டி ஓட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லலாம். நிரலாக்கத்துக்கென்று தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. மனிதருக்காக எழுதப்படும் எதிலும், விட்டுப்போனதைப் படிப்பவர் நிரப்பிக்கொள்கிறார். கடிதத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அச்சிட்ட நிரலை வாசிக்கும்போதும் நம் மனம் இதே வேலையைத்தான் செய்கிறது. எழுதியவர் என்ன செய்ய நினைத்தார் என்பதை ஊகித்து, அந்த ஊகத்தையே படிக்கிறது. இயந்திரத்துக்கு ஊகம் கிடையாது. எழுதியிருப்பதை எழுதியபடியே செய்யும். நாம் நினைத்ததற்கும் எழுதியதற்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் நிரலாளரின் அன்றாட வேலை. அந்த இடைவெளி ஒருவர் கண்ணில் படவேண்டுமானால் நிரல் ஓடியாக வேண்டும். புத்தகம் எத்தனை நல்லதாக இருந்தாலும், படிப்பவர் மனதில் இருக்கும் தவறான படத்தைப் பார்த்து 'இது இல்லை' என்று அதனால் சொல்ல முடியாது.

பைத்தான் கற்கத் தொடங்குகிறவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் ஒன்றைப் பாருங்கள். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரல், மூன்றே வரி. முதல் வரியில் 'இன்புட்' கட்டளையால் ஓர் எண்ணை வாங்கி ஒரு மாறியில் வைக்கிறோம். அடுத்த வரியில் இன்னோர் எண், இன்னொரு மாறி. மூன்றாம் வரியில் இரண்டையும் கூட்டி 'பிரிண்ட்' செய்கிறோம். படித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஓட்டி, 5 என்றும் 3 என்றும் கொடுத்தால் விடை 53 என்று வரும். எரர் எதுவும் காட்டாது. மிக அமைதியாக 53 என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். விசைப்பலகையில் நாம் தட்டுவதையெல்லாம் பைத்தான் எழுத்துகளின் வரிசையாகவே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட இரண்டு வரிசைகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒன்றின் வாலில் மற்றொன்றை ஒட்டும். எண்ணாக்க வேண்டுமென்றால் 'இன்ட்' என்று தனியே சொல்ல வேண்டும். தொடக்கநிலைப் புத்தகங்களில் இது தவறாமல் இருக்கும். படித்தவர் அடிக்கோடுகூடப் போட்டிருப்பார். ஆனாலும் அந்த 53 திரையில் வந்து நின்ற பிறகுதான், எண் வேறு, எண்ணைப் போல் தோன்றும் எழுத்து வேறு என்பது மறக்க முடியாதபடி பதிகிறது.

இந்த வகைப் பிழைகளைக் கூர்ந்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ராய் பீ. புதிதாகக் கற்பவர்கள் எந்தக் கணினி மொழியில் எழுதினாலும், அவர்களுடைய பலவகைத் தவறுகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது என்று 1986-ல் எழுதினார். இயந்திரத்துக்குள் நம் கருத்தைப் புரிந்துகொள்ளும் மனம் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் அது. நேரடியாகக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவர்கள் எழுதும் நிரல் காட்டிக்கொடுத்துவிடும். இந்த நம்பிக்கையைப் பேசித் தீர்க்க முடியாது என்பதே என் கணிப்பு. மனிதரோடு பேசிப் பழகிய வாழ்நாள் பழக்கம் அது. எதிரில் இருப்பது மனிதரல்ல என்று பலமுறை முட்டி உணர்ந்த பிறகுதான் விலகும்.

படிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிக்கப் படிக்க, தெரிந்துவிட்டது என்ற உணர்வு வளர்கிறது. தெரிந்துகொண்டதோ அந்த அளவுக்கு வளர்வதில்லை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. ஒரு கட்டுரையை ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இத்தனைக்கும், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். இது நிரலாக்கம் பற்றிய சோதனை அல்ல என்பது உண்மை. ஆனால் ஒரு புத்தகத்தின் பத்து அத்தியாயங்களைப் படித்து முடித்துவிட்டு, வெற்றுத் திரையின் முன் ஒரு வரிகூட வராமல் உட்கார்ந்திருக்கும் மாணவரின் நிலையை இதைவிடத் தெளிவாக விளக்கும் சோதனையை நான் அறியேன்.

தொடக்கநிலையில் இருப்பவர்களை விடுங்கள். தேர்ந்தவர்களுக்கும் இதே கதைதான். அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறோம். நடுவில் பிரித்துப் பார்த்து, நம் சொல் முன்னே இருக்குமா பின்னே இருக்குமா என்று முடிவுசெய்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி நடுவில் பிரிக்கிறோம். பைனரி சர்ச் என்று நிரலாளர்கள் சொல்லும் தேடல்முறை இவ்வளவுதான். சொன்னவுடன் புரிந்துவிடும். பெல் லேப்ஸிலும் ஐ.பி.எம்.மிலும் தொழில்முறை நிரலாளர்களுக்கு வகுப்பெடுத்த ஜான் பென்ட்லி, இதைத் தெளிவாக விளக்கி, எழுதித் தரச்சொல்லி, தாராளமாக நேரமும் கொடுத்தார். பிறகு சோதித்துப் பார்த்தால் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் நிரலில் பிழை இருந்தது. அத்தனை பேரும் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள்தான். கதை அதோடு முடியவில்லை. 'ப்ரோகிராமிங் பேர்ல்ஸ்' என்ற தன் நூலில் பென்ட்லி அந்த நிரலைத் தானே எழுதி, சரி என்று படிப்படியாக நிறுவியும் காட்டினார். 2006-ல் ஜோஷுவா பிளாக் அந்த நிரலிலேயே ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். அதே பிழை ஜாவா மொழியின் நூலகத்திலும் ஒன்பது ஆண்டுகளாக இருந்து வந்தது. நடுப்பகுதியைக் கண்டுபிடிக்க முதல் இடத்தின் எண்ணையும் கடைசி இடத்தின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? பட்டியல் நூறு கோடியைத் தாண்டும் அளவுக்கு நீளமானால், அந்தக் கூட்டுத்தொகை இயந்திரம் ஓர் எண்ணுக்கு ஒதுக்கியிருக்கும் 32 பிட் இடத்துக்குள் அடங்காமல், மறுபக்கம் புரண்டு எதிர்ம எண்ணாகிவிடும். கணிதத்தில் இரண்டு நேர்ம எண்களைக் கூட்டினால் எதிர்ம எண் வராது. இயந்திரத்தில் வரும். காகிதத்தில் அது யார் கண்ணுக்கும் படவில்லை. அவ்வளவு பெரிய பட்டியல்கள் உண்மையில் ஓடத் தொடங்கிய காலத்தில்தான் வெளிப்பட்டது.

கணினிக் கல்வியில் பெரிய தாவல்கள் நடந்த இடங்களைப் பார்த்தாலும் இதே செய்திதான் கிடைக்கிறது. 1960களின் தொடக்கத்தில் மாணவர் நிரலைத் துளையட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் இன்னொரு நாள் போயிற்று. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள், அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைத் தொட்டுப் பழக வேண்டும் என்று விரும்பினார்கள். அதற்காக பேசிக் என்ற எளிய மொழியையும், பலர் ஒரே நேரத்தில் ஒரே கணினியைப் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் உருவாக்கினார்கள். 1964 மே 1 அதிகாலையில் அது ஓடத் தொடங்கியது. தட்டச்சு செய்தால் உடனே விடை என்பதே அதன் பெரிய சாதனை. 1967-ல் லோகோ மொழி வந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயிடம் பணியாற்றியவர். நாம் முதலில் பார்த்த ஆமை அவர்களுடையதுதான். இன்று பைத்தானை நிறுவினால் அந்த ஆமையும் கூடவே வருகிறது. 1978-ல் பிரையன் கெர்னிகன், டென்னிஸ் ரிட்சி எழுதிய சி மொழி நூல்கூட, மொழியைக் கற்க அதில் எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லித்தான் பாடத்தையே தொடங்குகிறது. அந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற புத்தகம் தன்னைப் பற்றித் தானே சொல்வது அது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைச் சொன்னவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். கணினி அறிவியலின் பெருமேதைகளுள் ஒருவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, மாணவரை முதலில் கணினியின் பக்கமே விடக்கூடாது என்றார். 1988-ல் அவர் முன்வைத்த தொடக்கநிலைப் பாடத்திட்டத்தில், வளாகத்தின் எந்தக் கணினியிலும் ஓட்ட முடியாத ஒரு மொழியையே கற்பிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே விதித்தார். ஓட்டிப் பார்க்க வாய்த்தால் மாணவர் யோசிக்க மாட்டார். இதை மாற்றி, அதை மாற்றி, எப்படியோ விடை வந்துவிட்டால் சரி என்று எழுந்து போய்விடுவார் என்பது அவர் அச்சம். இந்த அச்சம் நியாயமானது. எந்தக் கல்லூரியின் கணினி லேபிலும் அரைமணி நேரம் நின்றால், ஏன் என்று கேட்காமல் வரிகளை மாற்றி மாற்றித் தட்டும் மாணவரைப் பார்க்கலாம். ஆனால் நோய் சரியென்பதால் மருந்தும் சரியாகிவிடாது. நிறுவல் பிழைகளை முழுவதும் ஒழித்துவிடாது என்பதற்கு பென்ட்லியின் நிரலே சாட்சி. கணினி அறிவியலில் கணித நிறுவலை உயிராக மதிக்கும் டொனால்ட் நூத்கூட, 1977-ல் ஒருவருக்கு அனுப்பிய குறிப்பில், தான் நிறுவிய நிரலை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதால் எச்சரிக்கையாக இருக்கும்படி சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் எதிர்வாதம் இன்னும் கனமானது. அதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். 'தானே கண்டுபிடித்துக் கற்கட்டும்' என்று மாணவரை விட்டுவிடுவது பலன் தராது என்று பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006-ல் சான்றுகளைத் திரட்டி வாதிட்டார்கள். புதியவரின் மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய சுமை குறைவு. தெரியாத மொழி, தெரியாத கணக்கு, தெரியாத கருவி மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தால் தேடுவதிலேயே திணறிப் போவார். கற்க மிச்சம் இருக்காது. லோகோவின் அனுபவமும் இதையே சொன்னது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் 1984-ல் பார்த்தபோது, வழிகாட்டல் இல்லாமல் ஓராண்டு ஆமையோடு விளையாடிய பிள்ளைகள் திட்டமிடும் திறனில் மற்றவர்களைவிட மேம்படவில்லை. ஆகவே, வெறுமனே கணினி முன் உட்காரவைத்தால் போதும் என்பவர்களுக்கு இந்தச் சான்றுகள் தக்க பதில். ஆனால் இவற்றை எடுத்துக்கொண்டு 'அதனால்தான் புத்தகம், அதனால்தான் விரிவுரை' என்று திரும்புவது தவறான பாதை. விரிவுரையின் கதியும் தெரிந்ததே. 2001-ல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஒரு குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களிடம் ஓர் எளிய கணிப்பான் நிரலை எழுதச் சொன்னது. 110 மதிப்பெண்ணுக்கு அவர்கள் எடுத்த சராசரி 22.89. ஏன் இப்படி என்று ஆராய்ந்த ரேமண்ட் லிஸ்டரின் குழு, ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவுகளை 2004-ல் வெளியிட்டது. பல மாணவர்களுக்கு எழுதுவது இருக்கட்டும், எழுதிக் கொடுத்த சிறு நிரல் என்ன விடை தரும் என்று வரிவரியாகத் தொடர்ந்து போகவே வரவில்லை. மாறிகளின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று பக்கத்திலேயே காகிதத்தில் குறித்துக்கொண்டே போனவர்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள்.

இங்கேதான் வழி தென்படுகிறது. கையால் செய்து கற்பது என்றால் முதல் நாளே வெற்றுத் திரையில் எழுதத் தொடங்குவது என்று பொருளில்லை. இங்கிலாந்தில் சூ சென்டன்ஸ் வகுத்த முறையில், மாணவருக்கு முதலில் ஓடுகிற நிரலொன்று தரப்படும். ஓட்டுவதற்கு முன்பே, என்ன விடை வரும் என்று அவர் எழுதிவைக்க வேண்டும். பிறகு ஓட்டுவார். ஊகம் பொய்த்திருந்தால் ஏன் என்று துருவுவார். அடுத்து ஒரு வரியை மாற்றுவார். கடைசியில்தான் சொந்தமாக எழுதுவார். 11 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 500 மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்ததில், வழக்கமான முறையில் கற்றவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதன் உயிர்நாடி அந்த முதல் படி. விடையை முன்கூட்டி எழுதிவைத்தவருக்கு மட்டுமே அவருடைய தவறான படம் என்னவென்று தெரியவரும். எழுதிவைக்காமல் ஓட்டியவர் '53' என்று வந்தால், 'ஓ, அப்படியா' என்று நகர்ந்துவிடுவார். டைக்ஸ்ட்ரா கேட்ட யோசனையும், ஸ்வெல்லர் கேட்ட வழிகாட்டலும், பேப்பர்ட் கேட்ட ஆமையும் இதற்குள் சேர்ந்தே இருக்கின்றன.

ஏட்டுச் சுரைக்காய் என்று புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நூத் நிரலாக்கம் கற்றதே ஒரு கையேட்டிலிருந்துதான். 1950களில் கேஸ் கல்லூரியில் முதலாண்டு மாணவராக, ஐ.பி.எம். 650 கணினியின் கையேட்டில் இருந்த நிரல்களைப் படித்தார். இவற்றை இன்னும் நன்றாக எழுதலாமே என்று தோன்ற, எழுதியும் பார்த்தார். பிற்காலத்தில் தன் பெருநூலை அந்தக் கணினிக்கே காணிக்கையாக்கினார். அவரை உருவாக்கியதில் கையேட்டுக்கும் பங்கு உண்டு, அதோடு அவர் போட்ட மல்லுக்கும் பங்கு உண்டு. கையை வைத்துப் பார்த்தவருக்கு மனதில் ஒரு கேள்வி இருக்கும். புத்தகம் அதற்குப் பதில் சொல்லும். கேள்வியே எழாதவர் அதே பக்கத்தைப் பத்து முறை படித்தாலும் வரிகள்தான் கடந்து போகும். அடிப்படைக் கருத்துகள், தரவுகளை ஒழுங்குபடுத்தும் வழிகள், ஒரு தீர்வு ஏன் மற்றொன்றைவிட வேகமானது என்பதெல்லாம் வெறும் முயற்சியால் கண்டுபிடித்து முடியாதவை. அவற்றுக்குப் புத்தகம் வேண்டும். அது கைக்கு எட்டும் தூரத்தில், திறந்த நிலையில், கணினியின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லார் வீட்டிலும் கணினி எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியதன் அருமை இந்த இடத்தில்தான் புரியும். ஆனால் தொடக்கநிலை நிரல்களுக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. பைத்தான் இலவசம், சாதாரண ஸ்மார்ட்போனின் உலாவியிலேயே சிறு நிரல்களை ஓட்டிப் பார்க்க முடியும். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் சிறு சிறு காணொலிப் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. காணொலியை நிறுத்தி நிறுத்தி, கூடவே செய்து பார்த்துக்கொண்டே போகும்படி அமைக்கப்பட்டவை அவை. போனும் கிடைக்காத நேரத்தில் காகிதத்தில் மாறிகளின் மதிப்பைக் குறித்துத் தொடர்வதும் கைவேலைதான். லிஸ்டரின் மாணவர்களுக்குக் கைகொடுத்தது அதுவே.

இப்போது புதிதாக ஒரு கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் நொடியில் நிரல் எழுதித் தந்துவிடுகிறதே, இனி எதற்காகக் கையை நோகடித்துக்கொள்ள வேண்டும்? துருக்கியில் உயர்நிலைப் பள்ளிக் கணித வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஜிபிடி-4 கருவியைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்திய மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். நேரடியாக விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் நேரவில்லை. கருவி தரும் நிரல் பார்க்க அழகாக இருக்கும், படித்தால் சரியாகவே தோன்றும். அது 8 தருமா, 53 தருமா என்று ஓட்டுவதற்கு முன்பே சந்தேகப்படத் தெரிந்தவரிடம்தான் அந்தக் கருவியை நம்பிக் கொடுக்க முடியும். அந்தச் சந்தேகம் முன்பு தானே பலமுறை முட்டிக்கொண்டவருக்குத்தான் வரும்.

தமிழகத்தில் கணினி அறிவியல் எடுத்த பிளஸ் ஒன் மாணவர் சி++ படிக்கிறார், பிளஸ் டூ மாணவர் பைத்தான் படிக்கிறார். நல்ல பாடத்திட்டம். ஆனால் 100 மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்குப் போகிறது. செய்முறைத் தேர்வுக்கான நிரல்கள் முன்கூட்டியே தெரியும். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் வரை எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போனாலே தேறிவிடலாம். ஆசிரியர்களும் பாடத்திட்டக் குழுவினரும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்க வேண்டும். செய்முறைத் தேர்வில் மாணவர் இதுவரை பார்த்திராத பத்து வரி நிரல் ஒன்றைப் பிழையோடு கொடுங்கள். என்ன விடை வரும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், ஓட்டச் சொல்லுங்கள், திருத்தச் சொல்லுங்கள். எழுதிய ஊகம் தவறாக இருந்தாலும், அது ஏன் தவறாயிற்று என்று சரியாக விளக்குகிறவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.